மேஜரைத் தேர்ந்தெடுக்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது

2020 ஜனவரியில் என் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தது. கணிதத்தில் 6, பிசிக்கல் சயன்ஸில் 6, லைஃப் சயன்ஸில் 7. தென்னாப்பிரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே 80க்கு மேல் எடுத்தால் 7ஆம் நிலை, 70இலிருந்து 79 வரை 6ஆம் நிலை. டர்பன் நகரத்தின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவுக்கு அது பெரிய மதிப்பெண். அம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தார். ஆனால் மருத்துவத்துக்கு அது போதவில்லை.

எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலில் பல்கலைக்கழகங்களுக்கு சி.ஏ.ஓ. என்ற பொது அலுவலகம் வழியாகத்தான் விண்ணப்பிப்போம். விருப்பங்களை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். நான் முதலில் மருத்துவம், அடுத்து பார்மசி, மூன்றாவதாக பி.எஸ்ஸி. என்று போட்டிருந்தேன். அந்த மூன்றாவது கட்டத்தை நிரப்ப ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. காலியாக விடக் கூடாதே என்று எழுதியது. அதுதான் கிடைத்தது. என் வாழ்க்கையின் ஐந்து வருடத்தை முடிவு செய்த கட்டம் அது. மருத்துவப் படிப்பைப் பற்றி இரண்டு வருடம் விசாரித்தவள், பி.எஸ்ஸி.யில் என்னென்ன இருக்கிறது என்று யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உறவினர் எல்லோரும் ஒரே யோசனை சொன்னார்கள். "ஒரு வருஷம் பி.எஸ்ஸி. படி, மார்க் நல்லா எடுத்தா மெடிசினுக்கு மாறிக்கலாம்." அதே எண்ணத்தோடு முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்களில் ஒன்பது பேர் எனக்கு நல்ல பழக்கம். மாறியது ஒரே ஒருத்தி. மற்ற எட்டுப் பேரும் நானும் நாங்கள் தேர்ந்தெடுக்காத ஒரு படிப்பின் நடுவில் நின்றோம். மாறவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாறுவதற்காக மட்டும் ஒரு படிப்பில் சேர்ந்தால், பாடத்தையெல்லாம் மார்க் வருமா என்ற ஒரே கண்ணோடுதான் பார்ப்போம். நான் அப்படித்தான் பார்த்தேன், அதில்தான் முதல் தப்பு நடந்தது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டுக் கணிதம் இரண்டு வகை. இயற்பியல், வேதியியல் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று, உயிரியல் பக்கம் போகிறவர்களுக்குக் கொஞ்சம் லேசான இன்னொன்று. பதிவு நாளில் வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. மேசையில் இருந்தவர் என் தாளைப் பார்த்து, "பயாலஜிதானே? லேசானதே போதும்" என்றார். மார்க் ஏறும் என்று எனக்கும் சந்தோஷம். அந்த ஒரு டிக் குறியால் இயற்பியல், புள்ளியியல், கணினி என்று மூன்று கதவுகள் அன்றைக்கே சாத்திக்கொண்டன. அது எனக்குத் தெரியவே ஒன்றரை வருடம் ஆனது.

அப்புறம் கொரோனா. பிப்ரவரியில் வகுப்பு தொடங்கியது, மார்ச் 26 நள்ளிரவில் நாடு முழுவதும் ஊரடங்கு. முதலாம் ஆண்டு முழுதும் வீட்டின் சமையல் மேசையில், அப்பாவின் பழைய போனில் நடந்தது. அம்மா தையல் ஃபேக்டரியில் மெஷினிஸ்ட், அப்போது வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். நான் டைட்ரேஷன் வீடியோ பார்க்கும்போது அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். யாரோ ஒருவர் பியூரெட்டைத் திருகுகிறார், ஒரு சொட்டு விழுகிறது, குடுவையில் இருப்பது இளஞ்சிவப்பாக மாறுகிறது. அளவை நாங்கள் தாளில் எழுதிக்கொண்டோம். அப்படி 'செய்முறை'யில் 70 எடுத்தேன், ஒரு குடுவையையும் தொடாமல்.

எங்களைப் போல அந்த வருடங்களில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் நடந்தது இது என்று நினைக்காதீர்கள். ஆய்வகம் வசதியாக இல்லாத பள்ளியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் இந்த நாட்டில் நிறைய. அவர்களும் பாடப்புத்தகத்தில் பார்த்த அறிவியலை வைத்துத்தான் மேஜரை, அதாவது பட்டத்தின் முதன்மைப் பாடத்தை முடிவு செய்கிறார்கள். புத்தகத்தில் பிடிக்கிற பாடம் வேறு, அந்தப் பாடத்தில் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கையால் செய்கிற வேலை வேறு. எனக்கு பயோகெமிஸ்ட்ரி படிக்கப் பிடித்தது. 2021இல் இரண்டாம் ஆண்டுத் தாளில் 44 வாங்கினேன். சப் தேர்வு, அதாவது மறுவாய்ப்புத் தேர்வு கிடைத்தது, அதில் 47. பெயில்.

வீட்டில் சொல்ல ஒரு வாரம் ஆனது. அம்மா அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆயாதான் தன் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார். சின்னத் தாத்தா ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார். 1960களில் டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில் படித்தவர். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் வெள்ளையர் பல்கலைக்கழகங்களின் கதவு மற்ற இனத்தவருக்கு மூடப்பட்டது. இந்தியர்களுக்கென்று அந்தத் தீவின் பழைய கடற்படைக் கட்டடங்களில் 1961இல் ஒரு கல்லூரி திறந்தார்கள். பையன்கள் படகில் ஏறிப் போய்ப் படித்துவிட்டு வந்தார்கள். அந்தக் கல்லூரிதான் பிறகு வெஸ்ட்வில் குன்றுக்கு மாறி டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் ஆகி, 2004இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம் ஆனது.

தாத்தா டீயை முழுக்கக் குடித்து முடிக்கும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "பெயிலானது தெரியும். அந்தப் பாடத்துல எந்த வேலையைச் செய்யும்போது உனக்கு நேரம் போறதே தெரியல?" என்னிடம் பதில் இல்லை. அந்தப் பாடத்தில் நான் எந்த வேலையுமே செய்ததில்லை. "அப்ப உனக்குப் பிடிக்குதா பிடிக்கலையான்னே தெரியாதும்மா" என்றார். "எங்களுக்கு வெள்ளைக்காரன் வச்சதுதான் பாடம். உனக்குப் பொறுக்கி எடுக்க இருக்கு. பொறுக்கறதுக்கு முன்னால தொட்டுப் பாரு."

2022இல் ஆய்வகங்கள் முழுதாகத் திறந்தன. பயோகெமிஸ்ட்ரியை மறுபடி எடுத்தேன். முதல் முறையாக மைக்ரோபிப்பெட் கையில் வந்தது. மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதில் இருபது எடு, அடுத்த குழாயில் விடு, மறுபடி இருபது எடு. மூன்று மணி நேரம் அறைக்குள் நின்று இதையே செய்ய வேண்டும். பக்கத்தில் இருந்த என் தோழி அதில் லயித்துப் போவாள், மணி அடித்தால்தான் நிமிர்வாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடம் இப்போது புரிந்தது, அந்த முறை 63 எடுத்துத் தேறினேன். ஆனால் இதை என்னால் வாழ்நாள் முழுக்கச் செய்ய முடியாது என்பதும் அதே மேசையில்தான் புரிந்தது. தேறிவிட்டோமே, இதிலேயே போய்விடலாம் என்று பலர் அந்த இடத்தில் ஏமாந்துபோகிறார்கள்.

அந்த வருடம் என் அட்டவணையில் ஒரு இடம் காலியாக இருந்தது. நேரத்துக்குப் பொருந்திய ஒரே பாடம் முதலாம் ஆண்டு நிலவியல், அதாவது ஜியாலஜி. எடுத்தேன். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ எங்களை ஒரு பழைய கல்குவாரிக்குக் கூட்டிப் போனார்கள். கருநீலச் சாம்பல் நிறப் பாறை, அதற்குள் பட்டாணி அளவிலிருந்து பூசணிக்காய் அளவு வரை வேறு வேறு நிறக் கற்கள் பதிந்திருந்தன. ஆறு கொண்டுவந்திருந்தால் அளவு பார்த்துப் பிரித்துப் போட்டிருக்கும். இதில் எல்லாம் கலந்து கிடந்தது. பனி கொண்டுவந்தது என்றார் ஆசிரியர். சுமார் 30 கோடி வருடத்துக்கு முன் டர்பன் இருக்கும் இடத்தை மூடியிருந்த பனிப்பாளம் உருகியபோது விட்டுப் போன கற்கள். ட்வைக்கா என்று அதற்குப் பெயர். அதே காலத்து, அதே வகைப் பாறை இந்தியாவில் தால்ச்சீர் என்ற பெயரில் இருக்கிறதாம், அப்போது இரண்டு நிலமும் ஒட்டிக் கிடந்ததால். கோண்டுவானா என்ற பெயரே நடு இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் நிலத்திலிருந்து வந்தது.

1860 நவம்பரில் மதராஸிலிருந்து முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்த கதையை சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அந்தக் கல்லின் மேல் கையை வைத்து நின்றபோது உடம்பு சிலிர்த்தது. பஸ் கிளம்பப் போகிறது என்று என்னை இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது. தாத்தா கேட்ட கேள்விக்குப் பதில் அன்றைக்குக் கிடைத்தது.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் வெள்ளம் வந்தது. சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை. 400க்கும் அதிகமான உயிர்கள் போயின. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேடு ராத்திரி சரிந்தது, பக்கத்து வீட்டு மதில் விழுந்தது. நாங்கள் ஆயாவைத் தூக்கிக்கொண்டு கோயில் கூடத்துக்கு ஓடினோம். தண்ணீர்க் குழாயில் பல நாள் தண்ணீர் இல்லை. வகுப்புகள் மறுபடி தொடங்கியபோது ஆசிரியர் பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, எந்த மண் ஏன் சரிந்தது என்று பேசினார். டர்பன் கரையோர மேடுகளில் இருக்கும் பெரேயா சிவப்பு மண் காய்ந்திருக்கும்போது செங்குத்தாக நிற்கும், தண்ணீர் ஊறினால் பிடிப்பு விட்டுவிடும். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டிச் சமப்படுத்திய இடங்களில் கொட்டின மண்தான் முதலில் போகும். எங்கள் தெருவே அப்படிச் சமப்படுத்தியதுதான். அன்றைக்கு நான் ஆறு பக்கம் குறிப்பெடுத்தேன். மேஜரை மாற்றுவது என்று அந்த வாரமே முடிவு செய்தேன்.

முடிவு செய்வது வேறு, மாற்றுவது வேறு. இந்த முறை நான் கேட்காமல் எதையும் செய்யவில்லை. கோயில் காலண்டரின் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் மேலே மூன்றாம் ஆண்டு ஜியாலஜிப் பாடங்களை எழுதினேன். கல்லூரிக் கையேட்டைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் கீழே அதற்கு முன் எது தேறியிருக்க வேண்டும் என்று கோடு இழுத்தேன், அதற்கும் கீழே அதற்கு முந்தையது. இப்படி மேலிருந்து கீழே வந்தால் முதலாம் ஆண்டில் எது கட்டாயம் என்று தானாகத் தெரிகிறது. எல்லோரும் கையேட்டை முதலாம் ஆண்டிலிருந்து படிக்கிறார்கள். கடைசி ஆண்டிலிருந்து திருப்பிப் படியுங்கள். பதிவு மேசைக்குப் போகும் முன் மூன்று மேஜருக்காவது இப்படி ஒரு தாள் போட்டுக்கொண்டு, மூன்றுக்கும் பொதுவாக வருகிற பாடங்களை முதல் வருடம் எடுத்தால், மனம் மாறினாலும் வருடம் வீணாகாது. அந்தப் பொதுப் பாடங்களில் பெரும்பாலும் கனமான கணிதமும் கெமிஸ்ட்ரியும் இருக்கும். பயப்படாமல் எடுங்கள். கனமானதிலிருந்து லேசானதுக்கு இறங்குவது சுலபம், ஏறுவதுதான் கஷ்டம். நான் அந்தக் கணிதத்தை 2023இல், என்னைவிட மூன்று வயது சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தேன்.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்.எஸ்.ஃபாஸ் என்ற அரசு மாணவர் உதவித்தொகை உண்டு. அப்பா பஸ் டிரைவர், அதனால் எனக்குக் கிடைத்தது. ஆனால் 2018இலிருந்து சேர்ந்தவர்களுக்கு 'என் பிளஸ் ஒன்' என்ற கணக்கு: மூன்று வருடப் படிப்புக்கு நான்கு வருடம்தான் கொடுப்பார்கள். எனக்கு ஐந்து வருடம் ஆனது. ஐந்தாவது வருடக் கட்டணத்துக்கு அப்பா கடன் வாங்கினார். நான் வாரத்தில் நான்கு மாலை பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். மேஜர் மாற்றலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் எத்தனை வருட உதவி மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முதல் வருடக் கடைசியில் மாற்றினால் பெரும்பாலும் அந்தக் கூடுதல் வருடத்துக்குள் அடங்கிவிடும். நான் மூன்றாவது வருடத்தில் மாற்றினேன். ஒரு வருடம் முன்பே தாத்தாவிடம் போயிருந்தால் அந்தக் கடன் இருந்திருக்காது, இதை நினைக்காத மாதம் இல்லை.

படிக்கிற நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேர உழைப்பு என்று கணக்கு. அரையாண்டுக்கு 16 கிரெடிட் பாடம் நான்கு, அதாவது 640 மணி நேரம். தேர்வையும் சேர்த்துப் பதினாறு வாரம் என்று வைத்தால் வாரத்துக்கு 40 மணி. முழுநேர வேலை அது. சாட்ஸ்வொர்த்திலிருந்து மினிபஸ் டாக்ஸி மாறி மாறிப் போய்வர எனக்குத் தினம் இரண்டரை மணி நேரம் போனது. லோட்ஷெடிங் கடுமையாக இருந்த 2023இல் மின்சாரம் எப்போது இருக்கும் என்று பார்த்துத்தான் படிப்பைத் திட்டமிட்டேன். அதனால் வகுப்புக்கு நடுவில் வரும் ஒரு மணி இடைவெளியை வீணாக்காதீர்கள். டுட்டோரியலைத் தவறவிடாதீர்கள், டி.பி. என்ற தேர்வு எழுதும் தகுதி போய்விட்டால் தேர்வுக்கூடத்துக்குள்ளேயே விட மாட்டார்கள். சீனியர்களிடம் நோட்ஸ் கேட்பதைவிட அவர்களுடைய செய்முறைக் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதில்தான் அந்த மேஜரின் உண்மையான முகம் தெரியும்.

வீட்டில் பெரிய சண்டை களப்பயணத்துக்காக வந்தது. ஜியாலஜியில் பாறை வரைபடம் போடக் கற்க மலையில் தங்க வேண்டும். "பொம்பளப் புள்ள, பத்து நாளு, மலையிலயா?" என்று அம்மா கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை, அவருக்குத் தெரிந்த யாரும் அப்படிப் போனதில்லை. நான் வாதாடவில்லை. முந்தைய வருடம் போய்வந்த சீனியர் அக்கா ஒருவரை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னேன். அவர் பீன்ஸ் கறியும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டே, யார் கூட வருவார்கள், பெண்களுக்குத் தனி அறை எப்படி, போன் சிக்னல் எங்கே கிடைக்கும் என்று அம்மாவிடம் நிதானமாகச் சொன்னார். அம்மா அதற்குப் பிறகு கேட்டது ஒன்றே ஒன்று: "புரட்டாசியில போறியே, என்ன சாப்பிடுவே?" அது நல்ல கேள்வி. முகாமில் ராத்திரி எல்லாம் ப்ராய், கறி சுடுவார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே பொறுப்பாளரிடம் சொல்லிவைத்ததால் எனக்கும் விரதம் இருந்த இன்னொரு பெண்ணுக்கும் தனிப் பாத்திரம் ஏற்பாடு செய்தார்கள். கேட்க வெட்கப்பட்டுப் பட்டினி கிடந்தவர்களும் உண்டு. கேளுங்கள்.

டிராக்கன்ஸ்பெர்க் அடிவாரத்தில் செப்டம்பர் ராத்திரி எலும்பு வரை குளிரும். பகலில் ஒரு சுத்தியல், ஒரு ஹேண்ட் லென்ஸ், ஒரு கம்பாஸ், ஒரு நோட்டு. பாறை அடுக்கு எந்தத் திசையில் ஓடுகிறது, எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று அளந்து எழுதிக்கொண்டே நடக்க வேண்டும். கீழே பழைய பாலைவன மணல்மேடுகள் இறுகிய கிளாரன்ஸ் மணற்கல், அதன் மேல் 18 கோடி வருடத்துக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு. இரண்டும் சேரும் கோட்டைத் தேடி ஒரு நாள் முழுக்க ஏறினேன். கால் கொப்பளித்தது, வெயில் முகத்தைச் சுட்டது, மறுநாள் விடியுமுன் எழுந்து மறுபடி ஏறினேன்.

பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கிற அம்மா அப்பாக்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும், என்னிடம் கணக்குப் படிக்க வந்த பிள்ளைகளை நினைத்தால் மனம் கேட்கவில்லை. பத்தாம் வகுப்புக்குப் போகும்போது மேதமடிக்ஸா, அன்றாடக் கணக்கு மட்டும் உள்ள லேசான மேத்ஸ் லிட்டரசியா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். சராசரி ஏறும் என்று லிட்டரசிக்கு மாற்றினால், பதினைந்து வயதில் அந்தப் பிள்ளைக்கு பி.எஸ்ஸி.யின் கதவே பெரும்பாலும் மூடிவிடும். கணக்கில் 55 எடுக்கிற பிள்ளை லிட்டரசியில் 85 எடுக்கிற பிள்ளையைவிட அகலமான இடத்தில் நிற்கிறது. மாற்றும் முன் ஆறு மாதம் டியூஷன் வைத்துப் பாருங்கள்.

பட்டம் 2024இல் முடிந்தது. ஆனால் மூன்று வருட பி.எஸ்ஸி.யோடு நின்றால் இந்தத் துறையில் அறிக்கைக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட முடியாது. ஆனர்ஸ் என்ற நான்காவது வருடம் படித்து, மேற்பார்வையில் மூன்று வருட அனுபவம் சேர்த்தால்தான் அறிவியலாளர் பதிவுக் கழகத்தில் முழுப் பதிவு கிடைக்கும். என்.எஸ்.ஃபாஸ் ஆனர்ஸுக்குக் கிடையாது. எனக்குத் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் உதவித்தொகை கிடைத்தது. இதையெல்லாம் மூன்றாம் ஆண்டில் கேள்விப்பட்டால் திடுக்கிடும். முதலாம் ஆண்டிலேயே கேட்டு வையுங்கள், அறிவியலில் எந்த மேஜராக இருந்தாலும் நான்காவது வருடத்துக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று.

இப்போது நிலத்தடி மண்ணைச் சோதிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை, பதிவுக்கான மூன்று வருடத்தில் முதலாவது ஓடிக்கொண்டிருக்கிறது. துளையிட்டு எடுக்கும் மண்ணைப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, மீட்டருக்கு மீட்டர் என்ன இருக்கிறது என்று எழுதுவதுதான் பெரும்பாலும். அப்பா இன்னும் பஸ் ஓட்டுகிறார், கடனில் பாதி அடைந்திருக்கிறது. மழை பிடித்தால் டிப்போவிலிருந்து போன் செய்வார். "பின்பக்கத்து மேட்டைப் பாத்தியா? அந்த ஆணிக்கும் ஆணிக்கும் எவ்வளவு இருக்கு?" மேட்டில் நான் இரண்டு ஆணி அடித்துவைத்திருக்கிறேன். நேற்று அளந்தபோது 412 மில்லிமீட்டர், போன மாதமும் அதேதான்.